மூடி போட்டாச்சு

ஆலங்குடி,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கவியரசனுக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று பிரகதாம்பாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து படி. இலுப்பூரில் உன் தங்கை வைஷ்ணவிக்குத் தையில் வளைகாப்பு. கடலை மழையில் நனைந்து பாதி முளைத்துப்போனது. வாசலில் அந்தச் சாக்கடை மூடியை மாற்றியாச்சு.

கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே, அடைப்பு எடுப்பதற்கென்று இருக்கிற தொட்டியின் மூடிதான். போன லீவில் யாருடைய காரையோ வாங்கிவந்து உள்ளே ஏற்றினாயே, அந்தச் சத்தத்தில் நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். மூடி விரிசல் விட்டு ஒரு மூலை உள்ளே விழுந்து கிடந்தது. அப்பா அன்றைக்கே "கொத்தனாரக் கூப்புட்டு மாத்திரலாம்ப்பா" என்றார். நீதான் "ஊருக்குக் கெளம்புற நேரத்துல எதுக்குப்பா, அடுத்த லீவுல வந்து நானே பாத்துக்கிறேன்" என்று ஒரு பலகையை மேலே போட்டுவிட்டுப் போனாய். மகன் சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நான் எத்தனை முறை சொன்னாலும் "அவன் பாக்குறேன்னுருக்கான்ல" என்பார்.

ஐப்பசி மழையில் பலகை ஊறிப்போயிற்று. விடிந்ததும் பால் வாங்கப் போனவர் கால் வைத்ததும் முறிந்து, இடது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. துருப்பிடித்த கம்பி கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர், அவருக்கோ சர்க்கரை உடம்பு. உன்னிடம் சிராய்ப்பு என்று சொன்னோம், அப்புறம் புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னோம். அது பொய் இல்லை, ஆறிக்கொண்டுதான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த இடம் ஆறிக்கொண்டிருக்கிறது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவள் நான். மயக்கம் தெளிந்ததும் அவர் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்து "தம்பிக்குச் சொல்லிராத, வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்" என்றார். அதற்குப் பிறகு வீடியோவில் நீ பார்த்ததெல்லாம் அவர் முகம் மட்டும்தான். படம் கழுத்துக்குக் கீழே போகாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

இத்தனையும் உன்னிடம் சொல்லாமலே இருந்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை நீ என்ன கேட்டாய்? "இன்னுமா அந்த மூடிய மாத்தல, அப்பா வீட்டுல சும்மாதானம்மா ஒக்காந்திருக்காரு, ஒரு கொத்தனாரக் கூப்புட முடியாதா?" ஸ்பீக்கர் போட்டிருந்தது. அவர் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார். "ஆமாப்பா, என் தப்புத்தான், செஞ்சிர்றேன்" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய்.

மறுநாளே நாகராசு கொத்தனார் வந்துவிட்டார். உடைந்த மூடியைப் பெயர்த்து, உள்ளே கிடந்த கான்கிரீட் துண்டுகளை அள்ளும்போது அப்பாவின் இடது கால் செருப்பு வந்தது. அதைக் குழாயடியில் கழுவிப் படியில் வைத்தார். அப்பா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "அத அங்கிட்டுத் தூரப் போடுய்யா" என்றார். நான் போடவில்லை. அடுத்த லீவில் வந்து நீயே பார்த்துக்கொள்வாய் என்று உன் அறையில் எடுத்து வைத்திருக்கிறேன். விளிம்பைப் புதிதாகக் கட்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, தூக்குவதற்கு இரண்டு வளையமும் வைத்திருக்கிறார். மேலே ஈரச் சாக்கு கிடக்கிறது. சக்கர நாற்காலியை வாசலில் போடச் சொல்லி அப்பா காவல் இருக்கிறார், யாரும் மிதித்துவிடக் கூடாதாம்.

"அண்ணன் என்ன வேணும்னாம்மா செஞ்சுச்சு?" என்று வைஷ்ணவி என்னிடம் சண்டைக்கு வருகிறாள். வேண்டுமென்று செய்யவில்லைதான். உனக்குச் சித்திரை வரைக்கும் லீவு கிடையாது என்பதும், இதைப் படித்தபின் உனக்குச் சோறு இறங்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு நல்லா இருக்க வேண்டும். வெயிலில் தலையில் துணி இல்லாமல் வேலை பார்க்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெள்ளிக்கிழமை போன் போடும்போது அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து "சாப்புட்டியாப்பா" என்று கேட்பார். நீ சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். குரல் உடைந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார், உனக்குத் தெரியக் கூடாது என்று அவர் கட்டிக்காத்ததும் போய்விடும். நான் தீபாவளியிலிருந்து அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இனி நீயும் சிரி.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. அமுதவல்லி