மஞ்சள் வைத்த டாலர்

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை உங்களை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். விளக்கேற்றலாம் என்று சாமி அலமாரியைத் திறந்தால், உள்ளே ஒரு பாஸ்போர்ட், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதன்மேல் மடிப்புக் கலையாத வெளிநாட்டு நோட்டு நாலைந்து. என் மருமகள் வைத்திருந்தாள். கம்பெனி வேலையாக ஜெர்மனி போகிறாள். என் கை சும்மா இருந்ததா? மஞ்சள் டப்பாவைத் திறந்து, விரலைத் தொட்டு, முதல் நோட்டின் மூலை வரைக்கும் போய்விட்டது.

"அத்தே! நோட்டு மேல வச்சிடாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து ஒரு கத்தல்.

அட, அது என்னுடைய கத்தல் அல்லவா! குரல்தான் வேறு. விரலில் மஞ்சளோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுகொண்டீர்கள், இடுப்பில் அதே சுருக்குப்பையோடு.

இவளுக்கு எல்லாம் எவ்வளவு சுலபம் தெரியுமா? எங்கே யூரோ கம்மி என்று சில நாளாகப் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். விலை இறங்கிய அன்று உட்கார்ந்த இடத்தில் அந்த அட்டைக்குள் பணத்தை ஏற்றிவிட்டாள். இறங்கியதும் பஸ்ஸுக்கும் காபிக்கும் கையில் கொஞ்சம் சில்லறை நோட்டு, அவ்வளவுதான். "ஏர்போர்ட்டுல மாத்துனா கொள்ளை அத்தே" என்கிறாள். நானும் ஒன்றும் தெரியாதவள் போலத் தலையாட்டினேன். டாலர் வாங்கப் போய்க் கொசுறு கேட்ட வம்சம் நாம் என்று அவளுக்குத் தெரியாது.

இட ஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டையெல்லாம் மறித்த ஆண்டு அது. கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட உங்கள் மகள், தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். உங்கள் மாப்பிள்ளை மலேசியாவிலிருந்து உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் எனக்கும் விமான டிக்கெட் அனுப்பிவிட்டார். ஆனால் தாய்மாமன் சீர் என்று ஒன்று இருக்கிறதே. டிக்கெட் அவர் அனுப்பலாம், சீரை அவர் காசில் செய்ய முடியுமா? பட்டுப்புடவை, மாலை, வளையல், ஒரு தங்கச் சங்கிலி, எல்லாம் அங்கேயே போய் நம் காசில் வாங்குவது என்று கரும்புப் பணத்தை எடுத்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தாய்மாமனான உங்கள் மகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறியலுக்குப் போனார். போனவரைப் போலீஸ் வேனில் ஏற்றி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அழுதீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. சுற்று வட்டாரத்தில் குண்டடிபட்டுச் செத்தவர்கள் வீட்டை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதீர்கள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள்.

"எழுந்திருடி. அவன் ஜெயில்ல குந்திக்கினு இருந்தா சீரும் குந்திக்கினு இருக்குமா? மாமனும் இல்ல, சீரும் இல்லன்னா எம் பொண்ணு அந்த சபையில எப்பிடி நிமிந்து நிப்பா? நாம ரெண்டு பேரும் போறோம்."

உங்கள் மகளை அவள் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணின் தலை குனியக் கூடாது. அதற்காகத்தான் விமானத்தைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காத இரண்டு பேர் கிளம்பினோம்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் ரோட்டோரம் வெட்டிய புளியமரங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறினார். "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து "மலேசியா" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கிப் போனார்.

சென்னையில் பாங்கி கவுண்ட்டரில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஒரு ஆளுக்கு இவ்வளவு டாலர்தான் என்று அரசாங்கம் அளந்து கொடுத்த காலம். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் நீட்டினோம். அந்தத் தம்பி விலையைச் சொன்னான். நீங்கள் கத்தரிக்காய்க்காரியை முறைப்பது போல அவனை முறைத்தீர்கள்.

"ரெண்டு பேரு வாங்குறோம் இல்ல? கொஞ்சம் கொறச்சிக்கோ தம்பி."

"வெலைய நான் போடறது இல்லீங்கம்மா."

"சரி, கொறைக்கவாணாம். கொசுறா ஒரு டாலரு போடு."

அவன் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடுவது போலச் சிரித்தான். நிமிர்ந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. "இதான் கொசுறு" என்று கொடுத்தான். அதை வாங்கிய பிறகுதான் நீங்கள் நகர்ந்தீர்கள்.

நல்லவன் அந்தத் தம்பி. வெளியே தரகர்கள் கூப்பிட்டால் போகாதீர்கள் என்றான். முழுப் பணத்தையும் நோட்டாகத் தூக்க வேண்டாம், டிராவலர்ஸ் செக்காக வாங்கினால் தொலைந்தாலும் திரும்பக் கிடைக்கும், அங்கே மாற்றும்போதும் விலை கொஞ்சம் கூட வரும் என்றான். ஆனால் அதில் இங்கே ஒரு கையெழுத்து, அங்கே அதே மாதிரி இன்னொன்று போட வேண்டும். உங்கள் கையெழுத்தோ ஒரு தடவை வந்த மாதிரி மறுதடவை வராது. அதனால் என் பங்கு செக்காகவும் உங்கள் பங்கு நோட்டாகவும் ஆயிற்று. "காயிதத்துக்குப் போயி காசக் குடுத்துட்டு வர்றாளே" என்று வழிநெடுகப் புலம்பினீர்கள்.

மறுநாள் காலை, நாம் தங்கியிருந்த என் சித்தி வீட்டில் குளித்துவிட்டு வெளியே வந்தேன். நீங்கள் விளக்கின் முன்னால் தாம்பாளத்தில் டாலர்களைப் பரப்பி, ஒவ்வொரு நோட்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம் என்று பாங்காக வைத்து முடித்திருந்தீர்கள்.

"அத்தே! இன்னா பண்ணி வச்சிருக்கீங்க!"

"இன்னா பண்ணேன்? சீர்ப்பணம்டி. மஞ்ச குங்குமம் இல்லாம வாசலத் தாண்டுனா வெளங்குமா?"

கறை பட்ட நோட்டை எவன் மாற்றிக் கொடுப்பான்? ஒரு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கோபத்தில் தோன்றவில்லை. மூலைகள் நாலும் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிட்டன. எட்டிப் பார்த்த நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

"பாத்தியா? நீ அழிக்கப் போன, அம்மன் குங்குமமா குடுத்துட்டா!"

உங்களோடு பேச முடியுமா? விமானம் ஏறினோம். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கல்வராயன் மலை தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

நான் பயந்ததுதான் கிள்ளானில் நடந்தது. நோட்டு மாற்றும் கடையில் இருந்தவர் நம் தமிழ்நாட்டு பாய்தான். நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தார். "தங்கச்சி, நல்ல நோட்டுதான். ஆனா கறை பட்டத நான் வாங்குனா, என்கிட்ட யாரும் வாங்க மாட்டாங்க. வேணும்னா பாதி வெலைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

"மஞ்ச வச்சதுக்கு ஜாஸ்தியில்ல குடுக்கணும்? கம்மி பண்றியே பாய்!" என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் செக்குகளை பாங்கியில் மாற்றினோம். புடவைக்கும் மாலைக்கும் வளையலுக்கும் சரியாகப் போயிற்று. சங்கிலிக்கு இல்லை. அன்று முழுவதும் உங்கள்மேல் எரிந்து எரிந்து விழுந்தேன். நீங்கள் பதிலே பேசாமல் சுருக்குப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கல்யாணச் சபையில் சீர்த்தட்டை வைத்தோம். சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் அந்த டாலர்களை வரிசையாக அடுக்கினீர்கள். மாப்பிள்ளையின் தாயான சம்பந்தியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குத் தாய்மாமா எங்க?" என்று கேட்டார். ஊரில் அறுவடை, வர முடியவில்லை என்று சொல்ல நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஜெயில்ல இருக்கான் எம் புள்ள. திருடிட்டுப் போவலம்மா. எங்க புள்ளைங்களுக்குப் படிப்பும் வேலையும் குடுங்கன்னு கேட்டு ரோட்டுல குந்துனான். அவன் இருந்தா சங்கிலி போட்டிருப்பான். நான் மஞ்ச வச்சிக் கெடுத்துட்டேன். எம் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."

உங்கள் மகள் தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். "கரியாலூர் மஞ்சளாம்மா?" என்றாள்.

"பின்ன? கடையிலயா வாங்குவேன்? மலையிலேந்து வந்தத நானே காயவச்சி அரைச்சேன்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். சம்பந்தியம்மாவும் ஒன்றை எடுத்து முகர்ந்தார். "எங்கம்மா பெட்டியத் தொறந்தா இதே வாசம் வரும். எங்க ஆளுங்களும் தென்னாற்காடுதான், ஊரு பேருதான் யாருக்கும் தெரியல" என்றார். அப்புறம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஒண்ணு எனக்கு வேணும்மா, சாமி மேடையில வச்சிக்கறேன். சங்கிலிக்கு அவசரம் இல்ல. மாமா வெளிய வந்து அவர் கையாலயே போடட்டும்."

ஆளுக்கொன்று கேட்டுத் தட்டு ஏறக்குறையக் காலியாகிவிட்டது. நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "பாய் வாங்காதத சம்பந்தி வாங்குறா பாத்தியா?" என்று முணுமுணுத்தீர்கள். எனக்கு உங்களைக் கிள்ளவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. சபை என்பதால் கிள்ள மட்டும் செய்தேன். சொன்ன மாதிரியே உங்கள் மகன் மறு ஆண்டு போய்ச் சங்கிலி போட்டுவிட்டு வந்தார்.

நான் சோப்புப் போட்ட அந்தச் சிவப்பு நோட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. திரும்பும்போது விமான நிலையத்தில் அதைப் பார்த்து, "இது வீணாத்தான் போச்சு அத்தே" என்றேன்.

"வீணா எப்பிடிப் போவும்? எவனும் வாங்கலன்னா அது போன எடத்துல நிக்காது. நம்ம கூடயே வூட்டுக்கு வந்துடும்."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டிய உங்கள் மகளைத் திரும்பிப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். நான் உங்கள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டேன்.

இவ்வளவையும் இன்று என் மருமகளிடம் அடுப்படியில் நின்றபடியே சொன்னேன், அத்தை. தோசை ஒன்று கருகிப் போயிற்று. நீங்கள் விட்டுப்போன சுருக்குப்பையை எடுத்து அந்தச் சிவப்பு மூலை டாலரை அவள் கையில் வைத்தேன். இத்தனை வருடம் என்னை விட்டுப் போகாதது.

"இத அங்க எங்க அத்தே மாத்துறது?" என்றாள்.

"எங்கயும் மாத்த முடியாதும்மா. அதுக்குத்தான் குடுக்கறேன்."

அவள் அந்தப் பிளாஸ்டிக் அட்டையின் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் அதைச் செருகிக்கொண்டாள். என் விரலில் காய்ந்திருந்த மஞ்சளைத் தன் நெற்றியைக் காட்டி வாங்கிக்கொண்டாள்.

நோட்டு வூட்டுக்கு வந்துவிடும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அது தனியாக வராது அல்லவா, அவளும்தானே கூட வர வேண்டும்.

உங்கள் மருமகள்