வாஸ்லின் பூசிய தாடி

உசிலம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாமாவுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. நானும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நலம். அத்தையும் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. நீங்கள் இருக்கிற லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

தினமும் வீடியோவில் பார்க்கிறவளுக்குக் கடிதம் என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றுகிறீர்கள், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. நான் கோபப்படும்போது மட்டும் அந்தப் பாலைவனத்தில் சிக்னல் எப்படித்தான் போகிறதோ! உங்கள் கம்பெனி சின்னச்சாமி அண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பாதியில் துண்டிக்காமல் முழுசாகப் படிக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. ஆறாம் மாத ஸ்கேன் எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. கேஸ் ஏஜென்சிக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே. காலையிலிருந்து போனை வைத்துக்கொண்டு, ரெகுலேட்டரை மூடுங்க, ஜன்னலைத் திறங்க, சுவிட்சைத் தொடாதீங்க, டியூப் மாத்தி எம்புட்டு நாளாச்சு என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். நான் சத்தம் போடப் போட உள்ளே உதை விழுகிறது. அப்பாவுக்குப் பரிந்துகொண்டு வருகிறதோ என்னவோ.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவளின் புருஷன் என்ன செய்கிறார் என்பதைத்தான் போன வாரம் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கொடுத்துவிட்ட பேரீச்சம்பழத்தைத் தர சின்னச்சாமி அண்ணன் டி. கல்லுப்பட்டியிலிருந்து பைக்கில் வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே, "தாடிய எடுக்கச் சொல்லு தங்கச்சி, அன்னைக்குப் பொழச்சதே பெரிய விசயம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் நான் அவரை விடுவேனா? எல்லாவற்றையும் சொல்லவைத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அங்கே குழாயில் வருகிற வாயுவில் எச்-டூ-எஸ் என்கிற விஷம் கலந்திருக்கிறதாமே. முதலில் அழுகின முட்டை மாதிரி நாறுமாம், கொஞ்சம் கூடினால் மூக்கே மரத்துப்போய் ஒன்றும் தெரியாதாம். மாஸ்க்கின் ரப்பர் கன்னத்துத் தோலில் ஒட்டி உட்கார வேண்டுமாம், தாடி வைத்தவர்களை அந்தப் பக்கமே விடக்கூடாதாம். நீங்கள் தாடி நிறைய வாஸ்லினை அப்பி, இடைவெளியை அடைத்துக்கொண்டு மாஸ்க் சோதனையில் தேறிவிட்டீர்களாம். போர்மேனும் கண்டும் காணாமல் விட்டுவிட்டாராம். என்ன கெட்டிக்காரத்தனம் மாமா!

குழாய் இணைப்பைப் பிரித்தபோது எல்லோர் நெஞ்சிலும் மாட்டியிருந்த அலாரம் கத்தியதையும், உங்கள் மாஸ்க்கில் கன்னத்துப் பக்கமாக விஷம் நுழைந்து நீங்கள் முட்டி போட்டு விழுந்ததையும், சின்னச்சாமி அண்ணன் உங்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனதையும் அவர் வாயாலேயே கேட்டேன். கண் திறந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "வீட்ல சொல்லிராதீங்கண்ணே." அன்றைக்கு என்னிடம் வெயிலில் தலை வலிக்கிறது என்றீர்கள். நானும் மோர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன், முட்டாள் மாதிரி.

அத்தையிடம் மறைக்கவில்லை. பிள்ளைத்தாச்சியின் புருஷன் சவரம் செய்யக் கூடாது என்று உங்களைக் கட்டிப்போட்டதே அவர்தானே. முதலில், "கம்பெனிக்காரன் ஆயிரஞ் சொல்லுவான், நாம பாக்க வேண்டியத நாம பாக்கணும்" என்றார். நான் குக்கரை எடுத்து, கேஸ்கட்டுக்கு அடியில் நாலு தேங்காய் நாரை வைத்து மூடி, அரிசியை அடுப்பில் ஏற்றினேன். விசில் வரவே இல்லை. பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி போனது. இதுதான் அத்தை உங்க மகன் தாடி, நடுவுல நார் இருந்தா ரப்பர் ஒட்டாது என்றேன். அவரே எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராமக்காளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அழகர்கோவில் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தலை மொட்டை, மேலே சந்தனம். இடுப்பு வரைக்கும் கிடந்த முடி மாமா. "அவனுக்குப் பதிலா நான் குடுத்துட்டேன். சாமி கோவிக்காது. அவன செரைக்கச் சொல்லு" என்றார். நான் அழுததைப் பார்த்து, "முடிதானடி, வளராதா?" என்று என்னையே திட்டினார். வீடியோவில் அம்மா ஏன் முக்காடு போட்டிருக்கிறார் என்று கேட்டீர்களே, தடுமன் என்று சொன்னாரே, அது இதுதான். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அத்தை சொன்னதற்காக மட்டும் நீங்கள் தாடி வளர்க்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

போன தடவை நான் முழுகாமல் இருந்தபோது விசா போட்டோவுக்காகச் சவரம் செய்தீர்கள். மறுநாள் எனக்கு வலி வந்தது, பிள்ளை கலைந்துவிட்டது. அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் அறைக்கு உள்ளே வரவில்லை, வாசலிலேயே முகத்தை மூடிக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்விட்டீர்கள். இப்போது எழுந்து போகாதீர்கள். டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளையின் துடிப்பு நின்று இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். நீங்கள் பிளேடைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே அது போய்விட்டது மாமா. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

நடந்ததை அங்கே சேஃப்டி ஆபீசரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாஸ்லின் வித்தையை உங்களிடம் கற்றுக்கொண்டு இன்னொருத்தன் பெண்டாட்டி அழக் கூடாது. வேலை போனால் போகட்டும். எங்கள் ஏஜென்சியில் சிலிண்டர் வண்டி ஓட்ட ஆள் தேடுகிறார்கள், சிபாரிசு செய்கிறேன்.

நம்ம ஊர் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், வாஸ்லினையும் மாஸ்க்கையும் பற்றி இங்கே யாரும் பேசப்போவதில்லை. அப்பனை முழுங்கின பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், கல்யாணப் பேச்சில் சொல்வார்கள். எந்தப் பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அந்த வெக்கையில் தாடியோடு நிற்கிறீர்களோ, அந்தப் பிள்ளையின் தலையில்தான் அந்தப் பேர் விழும்.

இதைப் படித்த கையோடு சவரம் செய்துவிட்டு எனக்கு முகத்தைக் காட்டுங்கள். சத்தியமாகத் திட்ட மாட்டேன். அழகர் உங்களுக்குத் துணையாக இருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் வேண்டும் மாமா.

உங்கள்
பாண்டீஸ்வரி