எருமை தின்ற பாய்

இன்று காலை நம் தெருவில் தறிக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி தடவினார்கள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே உங்கள் மேல் கோபமும் வந்தது. கஞ்சி போடாத துணி நெசவாளியின் கண்ணை உறுத்தும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகப் படகின் பாய்க்குமா கஞ்சி போடுவார்கள்?

மேட்டூர் அணை வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது விறகு விலைக்குத் தள்ளிவிட்ட பழைய படகு அது. அதற்குத் தார் பூசிப் பள்ளிபாளையம் கரைக்குக் கொண்டுவந்தீர்கள். எதிர்க்கரை ஈரோட்டில் இருந்த என் அப்பா கேட்டதும் குதித்தார். "ரெண்டாவது தறி போடறத உட்டுப்போட்டு ஓடம் வாங்கறவன் ஊட்டுல எம் பொண்ணு சோத்துக்குத் தாளந்தான் போடுவா" என்றவர், அதோடு நம் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

நாம் சோற்றுக்குத் தாளம் போடவில்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது. புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஆற்றில் இறங்கிவிடுவோம். அக்கரைக்குப் போகும்போது துடுப்பு, மேல்காற்றில் திரும்பும்போது பாய். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், நான் அலறுவேன்.

"ஏனுங்க, கவுந்துருமுங்க!"

"கவுந்தா நனைவோம் புள்ள, அவ்வளவுதான?"

அப்பாவைத்தான் உங்களால் விட முடியவில்லை. "ஒருக்கா ஏத்திப்போட்டா அப்பறம் எறங்கமாட்டாரு பாரு" என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக் கெஞ்சினீர்கள். ஒருவழியாகச் சரி என்றார். மாமனார் ஏறும் படகில் கிழிசல் பாயா என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, நம் தறியிலேயே நெய்து புதுப் பாய் தைத்தீர்கள். காற்றுக்கு விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சியில் முக்கிக் கரையில் காயப்போட்டீர்கள். அவரை அழைத்துவர வேண்டிய அன்று விடிந்து போய்ப் பார்த்தால், ஓர் எருமை அதன் நடுப்பாகத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் மணலில் விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அப்படியே துடுப்புப் போட்டுப் போயிருக்கலாம். நான் சொல்லியும் பார்த்தேன். பாய் இல்லாமல் அவரைக் கூட்டி வருவதா என்று ஒட்டுப்போட உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் அக்கரை சேர்ந்தபோது உச்சிவெயில். வெள்ளை வேட்டியோடு காத்துக் கிடந்த அப்பா எப்போதோ போய்விட்டிருந்தார். வீட்டுக்குத் தேடிப் போனபோதும் கதவு திறக்கவில்லை. "என்னைய வெயில்ல காய உட்டு வேடிக்கை பாத்தானா?" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது என்றீர்கள்.

ஆவணியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. அப்பா பரிசலேறி நம் வாசலை மிதித்தது அன்றைக்குத்தான்.

படகை விற்கச் சொன்னவர்களை நான் காதில் வாங்கவில்லை. இப்போது மூத்தவள்தான் அதை ஓட்டுகிறாள். போன அமாவாசைக்கு அப்பா தாமாகவே வந்து ஏறினார். நடு ஆற்றில் காற்று பிடித்துப் பாய் புடைத்தது. படகு ஓசையில்லாமல் போயிற்று.

"இதுக்கா சாமி அவன் அத்தன தூரம் கூப்புட்டான்?" என்று கேட்டவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீங்கள் இருந்திருந்தால் அவரை அழ விட்டிருக்கமாட்டீர்கள். பாய்க்கயிற்றை அவர் கையில் கொடுத்து, "இழுத்துப் புடிங்க மாமா" என்றிருப்பீர்கள். கயிறு என் கையில்தான் இருந்தது. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.