பின்சீட்டில் மணல் மூட்டை

ஒடெஸ்ஸா, டெக்சஸ்

அன்புள்ள டார்லீன்,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நம் ஷெவெல் காருக்குப் பின்பக்கம் அகலமான வீலும் டயரும் போட்டுவிட்டேன். திட்டாதே, பழசுதான். போடும்போது அளந்து பார்த்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் கிணற்றில் என்னோடு வேலை செய்யும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனேன். பாரத்தில் வண்டி தாழ்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவியது. பயப்படாதே, வெடிக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த ஓர்வில் சிரித்தான். "காலி வண்டியிலயா அளந்த? ஒண்டிக்கட்டைதான்டா அப்படி அளப்பான்."

பிறகு அவனே ஒரு பேஸ்பால் மட்டையைக் கொண்டுவந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே செருகிப் பிடித்துக்கொண்டான். நான் வண்டியை மெல்லத் தள்ளினேன். மட்டை உருண்டு, விளிம்பை உள்பக்கமாக மடக்கிவிட்டது. கொஞ்சம் பெயிண்ட் உதிர்ந்ததோடு சரி.

உரசுகிறதா என்று பார்க்கப் பின்சீட்டில் மணல் மூட்டைகளை வைத்தோம்.

"உன் பிள்ளைங்க என்ன எடை இருக்கும்?" என்று கேட்டான்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குத்துமதிப்பாக வைத்து ஓட்டினேன். உரசவில்லை.

ஷெட்டில் மிச்சமிருக்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை அனுப்பிவை. ஷிப்டு லாரி ஹாரன் அடிக்கிறது. பிள்ளைகள் வேட், ஜூன் இரண்டு பேரையும் எடை பார்த்து எழுது. ஷூவோடேயே நிற்கட்டும், வண்டியில் அப்படித்தானே ஏறுவார்கள்.

உன்
லெஸ்டர்