பதினாறு நாள் எடுத்து வைத்த ஸ்பீக்கர்

மே 3, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், தயாளன் அண்ணன் இரவல் கொடுத்த ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் பிடித்தேன். ஆம்ப்ளிஃபையரையும். என் கணவர் மோகன் எழுவதற்கு முன்பே. அவர் பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பிறகு எதற்குப் பூனை மாதிரி நடந்தேன்?

நான்கு சனிக்கிழமைகள் தயாளன் அண்ணனின் ஸ்பீக்கர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். டத்தோ கெராமாட் சாலையில், மாடியில் ஒரே ஓர் அறை. விலை மூவாயிரம் வெள்ளிக்குள் வேண்டும் என்றபோது அவர் முகம் சுளிக்கவில்லை. "ஆம்ப்ளிஃபையருக்கு அள்ளிக் கொட்டாதீங்கக்கா. பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போடுங்க" என்றார். எனக்கு மனப்பாடமான பாட்டுகளாகக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டார். விலை கூடியதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். அதன் சத்தத்தை மற்றதற்குச் சமமாகக் குறைத்து மறுபடி போட்டார். வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் கூட இருந்தால் காது ஏமாந்துபோகும் என்று சிரித்தார். விலை கூடியதை என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை.

போன ஞாயிறு, லிஃப்ட் வேலை செய்யாத நாளில், இந்த ஜோடியை நான்கு மாடி தூக்கி வந்து எங்கள் வரவேற்பறையில் வைத்தார். சுவரை ஒட்டி வைத்தபோது தவில் குடத்துக்குள் அடிப்பது போலக் கேட்டது. ஒரு முழம் முன்னால் இழுத்தார். தவில் தவிலானது. "ஒரு வாரம் கேளுங்க. புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க, ஒன்னும் இல்லலா." கையெழுத்து கேட்கவில்லை. முன்பணம் கேட்கவில்லை.

பிடித்திருக்கிறது. அதுதான் பிரச்சினை.

மே 4, ஞாயிறு

ஆன்லைனில் அதே ஜோடி, அதே ஆம்ப்ளிஃபையர், நானூற்று இருபது வெள்ளி குறைவு. ஆர்டர் போட்டுவிட்டேன்.

மே 6, செவ்வாய்

நான் என்ன மனுஷி?

மதியம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தயாளன் அண்ணன் அழைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். புதுப் பெட்டி ஒன்றுதான் கையிருப்பில் இருக்கிறது, உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது கொண்டுவரலாம் என்றார்.

வேறு இடத்தில் வாங்கிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. என் வாயிலிருந்து வந்தது வேறு: "வீட்ல ஒரு சாவுண்ணே. இப்ப புதுசா எதுவும் வாங்கக்கூடாது."

யார் என்று கேட்டார். என் பிறந்த வீட்டு உறவு என்றால் மூன்று நாளில் தீட்டுக் கழிந்துவிடும். நாலாம் நாள் பெட்டியோடு வந்து நிற்பார். இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்திருக்கிறேன் – அதுதான் என்னைக் கொல்கிறது. "வீட்டுக்காரரோட பெரியப்பா. பங்காளி வழி. நேத்து" என்றேன். பங்காளி என்றால் பதினாறு நாள். பேர் கேட்டார். சின்னையா என்றேன்.

சின்னையா பெரியப்பா கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாசில் உயிரோடு இருக்கிறார். எழுபத்தெட்டு வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்.

மே 7, புதன்

தயாளன் அண்ணன் இரவல் ஸ்பீக்கரை எடுத்துப்போக வந்தார். மோகன் வேலைக்குப் பிறை ஊருக்குப் போயிருந்ததால் தப்பித்தேன். தாகமாகத்தான் வந்திருப்பார், லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. தீட்டு வீடு என்று தண்ணீர்கூட வாங்கவில்லை. பெரியவர் நோயில் கிடந்தாரா என்று கேட்டார். தூக்கத்திலேயே என்றேன். பொய்க்கு இன்னும் ஒரு பொய்யை முட்டுக் கொடுத்து நிற்கவைத்தேன்.

"நல்ல சாவுக்கா. மனச விட்டுறாதீங்க. பதினாறு முடியட்டும், அந்தப் பெட்டிய யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். பிறகு இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினார். சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது அல்லவா. அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறார்.

மே 9, வெள்ளி

தயாளன் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். பாகான் டாலாமில் அவர் வீட்டுப் பக்கத்துக் கோயில். ஒரு மோட்ச விளக்கு எரிகிறது. கீழே எழுதியிருக்கிறார்: "சின்னையா ஐயா பேரில் ஏற்றினேன் அக்கா."

அழித்துவிட்டேன். அழித்தால் விளக்கு அணைந்துவிடுமா?

கெப்பாலா பத்தாசுக்குப் போன் போட்டேன். பெரியப்பாவே எடுத்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சும்மா என்றேன். சும்மா போன் போடுகிற ஆளா நீ என்று சிரித்தார்.

மே 11, ஞாயிறு

ஆன்லைனில் வாங்கிய பெட்டிகள் வந்தன. மோகன் வயர்களைப் பூட்டினார். சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து வைத்தேன். ஒரு கீறல் இல்லை, ஓர் இரைச்சல் இல்லை. ஏதாவது கெட்டுப்போய் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 14, புதன்

பாட்டுப் போடவே இல்லை. தலைவலி என்றேன் மோகனிடம்.

மே 18, ஞாயிறு

பெரியப்பா வந்தார். மோகன் அழைத்திருக்கிறார், புதுப் பாட்டுப் பெட்டியைக் கேட்க வாருங்கள் என்று. மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வந்திருக்கிறார். கதவைத் திறந்த நான் ஓரமாய்க்கூட நகரவில்லை போலிருக்கிறது.

"என்னம்மா குமுதா, பேயக் கண்ட மாதிரி நிக்கிற? உள்ள விடு, வெயிலு மண்டையப் பொளக்குது."

மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி நாதஸ்வரம் கேட்டார். அசையவே இல்லை. நான் சமையலறை வாசலில் நின்று அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. ஏறியது. அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மோகன் பெருமையாகச் சொன்னார்: ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாராம், ஒரு வாரம் வீட்டிலேயே வைத்துக் கேட்கக் கொடுத்தாராம், குமுதா மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு ஆன்லைனில் மலிவாக வாங்கிவிட்டாளாம்.

பெரியப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரிடா நம்ம மருமக."

மோகனும் சிரித்தார். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவி வைத்ததையே மறுபடி கழுவினேன்.

மே 20, செவ்வாய்

இன்று பதினாறாம் நாள். எனக்கு மட்டும் தெரிந்த பதினாறு. இல்லை, தயாளன் அண்ணனுக்கும்.

மே 21, புதன்

தயாளன் அண்ணன் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நூலகத்தில் கேட்கத் துணிவில்லாமல் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்க் கேட்டேன்.

"அக்கா, நேத்தோட காரியம் எல்லாம் முடிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழம நல்ல நாளு, நானே வந்து பூட்டித் தரேன். அலாவுதீன் சார் ரெண்டு தடவ வந்து அந்தப் பெட்டியக் கேட்டுட்டாரு, இது வேற ஆளோடதுன்னு சொல்லிட்டேன். பெரியவர் போன வீட்ல ஒரு பாட்டு கேட்டா மனசுக்கு ஆறுதலா இருக்கும்லா."

ஷேக் அலாவுதீன் சாரை அந்தக் கடையில் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு முன்பிருந்தே யோசித்துக்கொண்டிருந்தவர். வாங்க வந்த மனிதரைத் தயாளன் அண்ணன் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார், இல்லாத ஒரு துக்கத்துக்காக.

காரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ தோன்றின. மோகனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். குடும்பத்தில் பெரியவர்கள் ஒரு வருஷம் ஆகட்டும் என்கிறார்கள் – இதுவும் வந்தது மனதில். வெட்கமே இல்லையா உனக்கு? அவர் கடையிலேயே வேறு ஏதாவது வாங்கிவிடலாம், ஒரு ஸ்டாண்டு, ஒரு நல்ல வயர். கணக்கு நேராகிவிடும் என்று கொஞ்ச நேரம் நம்பக்கூடச் செய்தேன். பெரியப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போகலாம் என்றும் தோன்றியது. மூன்று பேரும் சிரித்துவிடுவோம். பெரியப்பா அதை வேடிக்கையாக்கிவிடுவார், தயாளன் அண்ணன் பெருந்தன்மையாகச் சிரிப்பார், நான் அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொள்வேன்.

வேண்டாம். தனியாகப் போகிறேன். நாளைக்கே, அவர் வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்குவதற்கு முன். ஒன்றும் வாங்கப் போவதில்லை. பெரியப்பா உயிரோட இருக்காருண்ணே, நான் பொய் சொன்னேன், உங்ககிட்ட கேட்டுக்கிட்டு வேற எடத்துல வாங்கிட்டேன். இந்த வரிசையில் சொல்ல வேண்டும். முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்க வேண்டும். அலாவுதீன் சாருக்கு அவர் நாளைக்கே போன் போட்டுவிடலாம்.

மோகனிடம் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது வாய்வரை வந்தது. சொன்னால், இதுக்கெல்லாமா போவாங்க என்பார், நானும் ஆமாம் என்றுவிடுவேன்.

மாலையிலேயே நாளைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. சொந்த வேலை என்று எழுதினேன். அது உண்மை.