கைநாட்டு

மார்ச் 3, திங்கள்

பிளீச் வாளியின் மூடி இன்றும் சரியாக உட்காரவில்லை. முழங்கை வரை தெறித்தது. குழாயில் கழுவிக்கொண்டு மறுபடி விரிப்புகளை அள்ளிப் போட்டேன். ஆஸ்பத்திரி விரிப்புகளில் என்னென்ன இருக்கும் என்று எழுதினால் இந்த நோட்டையும் துவைக்க வேண்டிவரும்.

லாண்டரி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வேலை பர்மிட் புதுப்பிக்கிறவர்கள் இந்த வருஷம் முதல் நேரில் போய்ப் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டுமாம். எனக்கு 11-ஆம் தேதி. பர்மிட் ஏப்ரல் 30-ஓடு முடிகிறது.

ஊரில் மகளுக்கு மே முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதல் பிரசவம். ஏப்ரலில் பர்மிட் கைக்கு வந்தால், புதுப்பித்தவர்களுக்குத் தரும் ஒரு மாத ஊர் லீவில் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பலாம். பர்மிட் இல்லாமல் போனால் திரும்ப முடியாது. மாப்பிள்ளை வேலை பார்த்த ஆலை மூடி ஒரு வருஷம் ஆகிறது, அங்கே அடுப்பு எரிவது என் சம்பளத்தில். போகவும் வேண்டும், வரவும் வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டோக்கன் 146. காலை ஏழு மணிக்குப் போனேன், கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு.

கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதன்மேல் விரல்களை வைக்க வேண்டும். பதிந்தால் பச்சை, பதியாவிட்டால் சிவப்பு. எனக்கு மூன்று பச்சை, ஏழு சிவப்பு. கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தாள், என் விரல்களையும் துடைத்தாள், மறுபடி வைக்கச் சொன்னாள். நான் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினேன். ‘அழுத்தாதீங்க, அழுத்துனா ரேகை இன்னும் மழுங்கும்’ என்றாள். எனக்கு அழுத்தாமல் எதையும் செய்யத் தெரியாது. மூன்று பச்சை இரண்டாகிவிட்டது.

‘என்ன வேலை?’

‘லாண்டரி. துவைக்கிற பிரிவு.’

அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லலாம். விரல் நுனியெல்லாம் வழவழவென்று, சோப்புக்கட்டி மாதிரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து இறங்கியபோது இதே விரல்கள் பத்தும் பதிந்தன. இரண்டு வாரம் தண்ணீரிலும் பிளீச்சிலும் கை வைக்காமல் இருந்துவிட்டு 25-ஆம் தேதி வரச் சொன்னாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். பாஸ்போர்ட்டை விண்ணப்பத்தோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 12, புதன்

அம்மாவுக்குப் பத்திரம், பேங்க், என் பள்ளிக்கூட ஃபாரம் எல்லாவற்றுக்கும் கைநாட்டுதான். பத்தாம் வகுப்பு முடித்து முதல்முதலாக நான் கையெழுத்துப் போட்ட அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், ‘என் மக கைநாட்டு இல்ல’ என்று. அந்த மகள் இப்போது ஒரு கைநாட்டுக்காக டோக்கன் வாங்கி அலைகிறாள்.

மார்ச் 14, வெள்ளி

சூப்பர்வைசரிடம் இரண்டு வாரம் லீவு கேட்டேன். நாங்கள் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். இன்று எனக்காக நிறையவே பேசினார்.

‘அக்கா, லீவு குடுக்க எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பத்து நாள் சேந்தாப்புல வரலைன்னா கம்பெனி பர்மிட் ஆபீஸுக்கு எழுதியாகணும். எழுதுனா இருக்குற பர்மிட்டும் போயிடும்.’

வேலை செய்ய அனுமதி வேண்டுமென்றால் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். வேலை செய்யாமல் இருந்தால் அனுமதி போய்விடும். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்களுக்குப் பத்து விரலும் நன்றாகப் பதியும்.

ஒன்று செய்தார். மடிக்கிற மேசையில் ஆள் குறைந்தால் என்னை அங்கே அனுப்புகிறேன் என்றார். இந்த வாரம் ஒருவரும் குறையவில்லை.

மார்ச் 17, திங்கள்

கையுறை போட்டுப் பார்த்தேன். தள்ளுவண்டிக் கொக்கியில் மாட்டி மத்தியானத்துக்குள் கிழிந்துவிட்டது. கிழிந்த உறைக்குள் பிளீச் தேங்கினால் வெறுங்கையே மேல்.

மார்ச் 20, வியாழன்

அறையில் என்னோடு இருப்பவள் இஸ்திரிப் பிரிவு. கதவில் குனிந்துதான் நுழைவாள், அதனால் நான் அவளைக் குள்ளச்சி என்று கூப்பிடுவேன். இன்று விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்தாள். ‘தினமும் தேய்ச்சுட்டு வாங்கக்கா, தோல் தானா வளந்துடும்.’

‘உன் பேச்சே விளக்கெண்ணெய் மாதிரிதான் இருக்கு’ என்றேன். ஆனாலும் கையை நீட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். என் கையை ஒருத்தர் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று. அழுகை வந்துவிட்டது, எண்ணெய் நாற்றம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

பூஜ்யம்.

ஒரு விரல்கூடப் பதியவில்லை. புறப்படும் முன் கடைசியாக ஒரு கை எண்ணெய் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு போனேன், அதுதான் வினை. கண்ணாடி முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அந்த அம்மாள் மூன்று காகிதம் எடுத்துத் துடைத்தாள். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவன் உச்சுக் கொட்டினான். மூன்று, இரண்டு, பூஜ்யம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

அடுத்த தேதி ஏப்ரல் 15. அதுதான் கடைசி வாய்ப்பு. எட்டு விரலாவது பதிய வேண்டும். இல்லாவிட்டால் தோல் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்து கொடுத்தால் பார்ப்பார்களாம்.

குள்ளச்சியிடம் சொல்லவில்லை. எண்ணெய்தான் காரணம் என்று தெரிந்தால் அவளுக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மார்ச் 30, ஞாயிறு

மகள் போனில். ‘நீ வந்துடுவ இல்லம்மா?’

‘வராம எங்க போவேன்’ என்றேன்.

கால் வீங்கியிருக்கிறதாம். படுக்கும்போது தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள் என்றேன். இதைச் சொல்ல நான் எதற்கு, யாரும் சொல்வார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுத் தோல் டாக்டரிடம் போனேன். சின்ன வயது, பொறுமையானவர். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். வேலையால் தோல் சற்றுத் தேய்ந்திருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகும், அவ்வளவுதான் என்றார். அதை இரண்டு வரியில் எழுதினார்.

இரண்டு வரியை யார் மதிப்பார்கள்? ஊரில் பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதினால்கூட, சாதாரணச் சளியை விஷக்காய்ச்சல் என்று எழுதினால்தான் வாத்தியார் நிமிர்ந்து பார்ப்பார். ‘டாக்டர், கொஞ்சம் அழுத்தமா எழுதிக் குடுங்க, பாத்தவுடனே அவங்களுக்குப் பதறணும்’ என்றேன். சிரித்தார். வேறு தாள் எடுத்தார். தொழிலால் தோல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது, தண்ணீரும் ரசாயனமும் சேர்ந்த இந்த வேலையை இவர் தொடர்ந்து செய்யக் கூடாது என்று முக்கால் பக்கம். கீழே முத்திரை.

பஸ்ஸில் மூன்று முறை படித்தேன். இன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஊமைக்கோட்டான் இரண்டு நாள் மடிக்கிற மேசைக்கு அனுப்பினார். மிஷினிலிருந்து வரும் விரிப்பு சுடுகிறது, ஆனாலும் காய்ந்த வேலை. விரல் நுனியில் மெல்லக் கோடு தெரிகிற மாதிரி இருந்தது. குள்ளச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ‘இருக்குக்கா’ என்றாள். அவள் எனக்காகப் பொய்யும் சொல்வாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆறு பச்சை. அழுத்தவில்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். ஆறுதான்.

பரவாயில்லை, கையில்தான் காகிதம் இருக்கிறதே. எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் ஒரு முறை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

‘இதை நீங்க படிச்சுப் பாத்தீங்களா?’

‘படிச்சேன். நல்லா எழுதச் சொன்னதே நான்தான்.’

அவள் காகிதத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, முடிவைத் தபாலில் அனுப்புவார்கள் என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கூட்டம் அதிகம், அலுத்திருப்பாள்.

ஏப்ரல் 17, வியாழன்

சான்றிதழின் நகல் கம்பெனிக்கும் போயிருக்கிறது. ஊமைக்கோட்டான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

‘இனிமே உங்கள ஈரத்துல விட்டா கம்பெனி மேல கேஸ் வரும்னு மேல சொல்லிட்டாங்க அக்கா. முடிவு தெரியற வரைக்கும் ரூம்ல இருங்க. வராததுக்கு எழுத மாட்டோம்.’

அன்றைக்குக் கேட்டபோது கிடைக்காத ஓய்வு.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடிதம் வந்தது. நிராகரிப்பு.

காரணம் ஒன்றே ஒன்று. விண்ணப்பதாரர் இந்த வேலையைச் செய்யத் தகுதியற்றவர் என்று மருத்துவர் சான்று அளித்திருப்பதால் இந்த வேலைக்கான அனுமதியைப் புதுப்பிக்க இயலாது. விரல் ரேகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு போதுமா போதாதா என்பதையே அவர்கள் பார்க்கவில்லை.

அந்த இரண்டு வரியோடு விட்டிருந்தால்? சும்மா கிடந்திருந்தால் போதுமே. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல எனக்கு. அழுத்தமா எழுதுங்க டாக்டர், பதறணும் டாக்டர் – பதறிட்டாங்க. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன். யாரப் போய்க் குத்தம் சொல்ல? டாக்டரயா? அந்தம்மாவயா? எல்லாரும் நல்லவங்கதான். நல்லவங்களாச் சேந்துதான் என்னை அனுப்புறாங்க.

ஏப்ரல் 23, புதன்

மறுபரிசீலனைக்கு எழுதலாமாம். காய்ந்த வேலை கொடுப்பதாகக் கம்பெனி கடிதம் தர வேண்டும். ஊமைக்கோட்டான் மேலே போய்ப் பேசி, அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதருக்கு இனிமேல் பட்டப்பெயர் சொல்லக் கூடாது.

ஆனால் முடிவு வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம்தான் இருக்கும். மறுபரிசீலனை வேண்டாம் என்று இப்போதே வாங்கிக்கொண்டால் பிரசவத்துக்குப் போய்விடலாம், திரும்ப முடியாது. குள்ளச்சி ஒரே பிடிவாதம். ‘வாங்கிட்டுப் போயிடுங்கக்கா. வேலை எங்க வேணா கெடைக்கும்.’

நாற்பத்தொன்பது வயதில், தோல் போன கையோடு, எங்கே கிடைக்கும்? பிறக்கப்போகிற குழந்தைக்குப் பால்பவுடரை யார் வாங்குவார்கள்? யோசித்து யோசித்து மறுபரிசீலனைக்குக் கொடுத்துவிட்டேன். பத்து நாளில் முடிவு என்றார்கள். பத்து நாளில் வந்தால் மே 3. அப்போதும் நேரம் இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அறையில் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு அலுப்பா? குள்ளச்சியின் துணிகளைத் துவைக்கப் போனேன், பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மே 2, வெள்ளி

பெண் குழந்தை. காலை பத்து இருபதுக்கு. வலி நேற்று மத்தியானமே எடுத்திருக்கிறது, மாப்பிள்ளை எனக்குச் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார், இங்கே இருந்துகொண்டு தவிப்பேனாம். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தனியாகக் கிடந்திருக்கிறாள்.

‘யாரு கையப் புடிச்சிருந்த?’ என்று கேட்டேன்.

‘நர்ஸ் கை.’

பிறகு அவளே பேச்சை மாற்றினாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் பாதத்தை மையில் வைத்து ஒரு அட்டையில் பதித்துக் கொடுத்தார்களாம். படம் அனுப்பினாள். ஒவ்வொரு கோடும் தெரிகிறது. ‘ஒரே தடவையில பதிஞ்சுடுச்சும்மா’ என்றாள். அவளுக்கு என் விரல் கதை எதுவும் தெரியாது. நான் சொல்லவே இல்லை.

மே 3, சனி

முடிவு வரவில்லை.

மே 6, செவ்வாய்

வந்தது. துவைக்கும் பிரிவும் மடிக்கும் பிரிவும் வெவ்வேறு பணிகளாம். மடிக்கும் பணிக்குப் புதிதாக, சொந்த நாட்டிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். வயது வரம்பு நாற்பத்தைந்து. 9-ஆம் தேதிக்குள் வெளியேற வேண்டும்.

போகவும் வேண்டும் வரவும் வேண்டும் என்று நின்றேன். போக வேண்டிய அன்று போகவில்லை. வரவும் போவதில்லை.

மே 8, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. விளக்கெண்ணெய் பாட்டில் பாதி மிச்சம். குள்ளச்சிக்கே கொடுத்தேன். ‘குழந்தைக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க’ என்று திருப்பிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கதவில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போய் நின்று அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் இடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மே 9, வெள்ளி

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

வெளியேறும் கவுண்டரிலும் அதே மாதிரி கண்ணாடிப் பெட்டி. பர்மிட் முடிந்து போகிறவர்கள் போகும்போதும் பதிய வேண்டுமாம்.  இங்கேயும் பதியாமல் நிறுத்திவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு கணம், நிறுத்திவிட்டால் நல்லது என்று ஒரு கணம். முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வைத்தேன். அழுத்தவில்லை.

மூன்று வாரமாகத் தண்ணீர் படாத கை.

பத்தும் பச்சை, ஒரே தடவையில்.

‘இன்னொரு தடவை வைக்கணுமா?’ என்று கேட்டேன். பழக்கம்.

‘வேண்டாம்மா, ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு’ என்று சொல்லிப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.