வீச்சு முறையும் என் வயிற்றெரிச்சலும்

இன்று காலை உட்துறைமுகப் பக்கம் நடக்கப் போனேன். காற்றென்று பேருக்கும் இல்லை. ஆனால் இறங்குதுறையில் கட்டியிருந்த படகின் கயிறு மட்டும் இறுகுவதும் தளர்வதுமாக முனகிக்கொண்டிருந்தது. பார்த்ததும் உன் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய எரிச்சலும் வந்தது. நீ போய் இரண்டு மாரி கழிந்தும் அது போகமாட்டேன் என்கிறதடி.

துறைமுகத் தண்ணீருக்குத் தனக்கென்று சில ஆட்டங்கள் உண்டு. காற்று நின்ற பிறகும் அந்தக் கதிகளில்தான் ஆடும். அவற்றைக் கணிப்பதுதான் பல்கலைக்கழக வளாகத்தில் நம் இருவருக்கும் சேர்த்துத் தந்த ஆய்வு. ஒரு வகையீட்டுச் சமன்பாடு. கரையில் ஒரு நிபந்தனை, முகத்துவாரத்தில் இன்னொன்று. ஆட்டத்தின் கதியைச் சொல்லும் குறிப்பிட்ட சில எண்களுக்கு, ஐகன் பெறுமானங்களுக்கு, மட்டும்தான் இரண்டும் ஒத்துவரும். நான் துறைமுகத்தின் முழு நீளத்தையும் சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்களை வரிசை வரிசையாக அடுக்கிப் பெரிய தாயமாக, மற்றிக்ஸாகக் கட்டினேன். அந்தக் கிழட்டுக் கணினி அதை விழுங்க முடியாமல் திணறியது. நீயோ ஒரு பெறுமானத்தை ஊகித்துக்கொண்டு கரையிலிருந்து கணித்துப் போய், முகத்துவாரத்தில் பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பாய். வராவிட்டால் ஊகத்தைக் கொஞ்சம் அசைப்பாய். மூன்றாம் தரம் அசைப்பதற்குள் பூச்சியம் வந்துவிடும்.

"எப்பிடியடி?" என்று கேட்டால், "சும்மா தோணிச்சுது புள்ள" என்பாய். சும்மாவாம்! எனக்கு வயிறு பற்றியெரியும்.

அந்த முறைக்கு நம் புத்தகத்தில் இருந்த பெயர் 'சுடும் முறை'. ஒருநாள் உன்னோடு உன் ஊர் கட்டைபறிச்சானுக்கு வந்தபோது, கிண்ணியாப் பாலத்தில் பஸ் போகையில் தொண்டை கிழியக் கதைத்தாயே, ஞாபகமா? "நான் கரையில இருந்துதான் சுட்டனான். முகத்துவாரத்துக்கு மேலால போயிட்டுது. நாளைக்குக் கொஞ்சம் பதிச்சுச் சுட்டா சரியாப் படும்."

முன்னால் இருந்த ஐயா முகம் வெளிறித் திரும்பினார். "பிள்ளையள், உங்களுக்குக் கோடி புண்ணியம். இந்தக் கதைய இறங்கின பிறகு கதையுங்கோ."

"ஐயோ ஐயா, இது கணக்கு!"

"கணக்கில என்ன பிள்ள சுடுறது?"

நீ ஒரு கணம்தான் யோசித்தாய். "அப்ப வலை வீசுறதெண்டு வைப்பம் ஐயா. வீசுறது, படேல்லையெண்டா திரும்ப வீசுறது." ஐயா சிரித்தார், பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து நம் துறையில் அது 'வீச்சு முறை' ஆகிவிட்டது. போகிற போக்கில் ஒரு சொல்லைப் போட்டு அதற்கும் பேர் வாங்கிவிட்டாய்! நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன்னிடம் எனக்கு ஒரேயொரு பிடிதான் இருந்தது. "கணுவை எண்ணடி" என்று தலையால் அடித்துக்கொள்வேன். முதலாவது ஆட்டத்தில் தண்ணீர் அசையாத இடம் நடுவில் எங்கும் கிடையாது. இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. அந்தக் கணுக்களை எண்ணினால் எதையும் தவறவிட்டோமா என்று தெரிந்துவிடும். "எண்ணிக்கொண்டிருக்க என்னால ஏலாது. உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்பாய். எல்லோரும் உன் விடையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாளாவது உன் வாயால் "ஓம், நீதான் சரி" என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

போன கிழமை, புதுக் கணினியில் என் தாயம் ஒருவழியாகத் தீர்ந்தது. உன் முதலாவதும் இரண்டாவதும் அச்சொட்டாக வந்தன. ஆனால் நீ மூன்றாவது என்று கொடுத்திருந்தது உண்மையில் நாலாவது! எண்ணிப் பார்த்தேன், அதில் மூன்று கணு. இடையில் இருந்த ஒன்றை உன் வலை தாண்டிப் போயிருக்கிறது. "பிடிச்சிட்டனடி!" என்று தனியாக இருந்து கத்தினேன். போனை எடுத்து உன் பேர்வரைக்கும் போய்விட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. நான் வெல்லும் நேரம் பார்த்தா இல்லாமல் போவாய்?

இன்று அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகு பொறுக்கவில்லை. நேரே ஓர்ஸ் ஹில்லுக்கு, உன் கணவரிடம் போனேன். கதிரையில் இருக்கக்கூட இல்லை. "அவவின்ர விடையில ஒரு பிழை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். செத்தவளைப் பற்றிச் சொல்கிற கதையா இது!

மனுசன் கோபிக்கவில்லை. சிரித்தார். "கணுவை எண்ணேல்லையோ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவ புறுபுறுக்கிறவ. 'அவளுக்கு இருக்கிற பொறுமை எனக்கில்லை. எண்டைக்கோ ஒருநாள் அவள்தான் என்ர பிழையப் பிடிக்கப்போறாள்' எண்டு. உங்கட பேரை எடுத்தாலே அவவுக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்காது."

அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

இவ்வளவு காலமும் நான் மட்டும்தான் எரிகிறேன் என்று இருந்தேனே. நீயும் எரிந்திருக்கிறாய், கள்ளி. எனக்குப் பொறாமை வந்தால் ஊருக்கே தெரியும்; நீ ஒருநாளும் முகத்தில் காட்டவில்லை. பொறாமைப்படுவதில்கூட நீதான் கெட்டிக்காரி. அதுவும் எனக்குப் பொறுக்குதில்லையடி.